ஆறு பை ரத்தம், இரண்டு முனுசாமி

அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம்.

டாக்டர் வசுதா. ரத்தநோய்ப் பிரிவுக்கு அவர்தான் பெரிய டாக்டர். தெலுங்குக்காரர். சென்னையில் படித்தவர் என்பதால் தமிழ் வரும்.

ஃபரீதா. ஆய்வகத்திலிருந்து வந்த பெண். முப்பது வயது இருக்கும். எனக்காகக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டவர். மடியில் லேப்டாப் வைத்திருந்தார்.

ஜெஸ்ஸி சிஸ்டர். வார்டு நர்ஸ். கேரளாக்காரர். நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் அவர் கையில் இருந்தன.

கோமதி. என் மனைவி.

சேகர். என் தம்பி. என்னைவிட நான்கு வயது சிறியவன். கதவோரம் நின்றிருந்தான்.

ஆறாவது ஆள் நான். பெயர் செல்வம். வயது முப்பத்தாறு. சக்கர நாற்காலியில் இருந்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது. நடந்தால் மூச்சு வாங்கும்.

தாள்கள் இருபத்திரண்டு பக்கம். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லி முடித்தார். ஒரு மணி நேரம் ஆனது. சிஸ்டர் பேனாவைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். போடவில்லை.

"இன்னா யோசனை?" என்றாள் கோமதி.

"அந்தத் தப்பு எழுத்த ஒருவாட்டி பாக்கணும்" என்றேன்.

அது எந்த எழுத்து, ஏன் கேட்டேன் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். முதலிலிருந்து எழுதுகிறேன். இதே நோய் உள்ளவர்கள் யாராவது படித்தால் உபயோகப்படலாம்.

நாங்கள் ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியில் இருக்கிறோம். அப்பா முனுசாமி ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலை எனக்கு வந்தது. எட்டாவது வரை படித்திருந்தேன். கனமான வேலை என் உடம்புக்கு ஆகாது என்று டூல் ரூமில் போட்டார்கள். பதினான்கு வருடமாக அங்கேதான்.

டூல் ரூம் என்றால் கருவி கொடுத்து வாங்கும் இடம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. டோக்கனைக் கொடுத்தால் ஸ்பேனர் கொடுப்பேன். டோக்கனை ஆணியில் மாட்டுவேன். ஸ்பேனர் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பிப் போகும். பெயர் கேட்பதில்லை. ஒர்க்ஷாப்பில் பதினோரு ஸ்ரீனிவாஸ் இருக்கிறார்கள். எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தவறு செய்தேன். மைக்ரோமீட்டர் பெட்டி ஒன்று திரும்பி வந்தது. திறக்காமல் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டி காலி. என் இன்கிரிமென்ட்டை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எதையும் திறந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இனி நோய். பெயர் தலசீமியா. நாம் இழுக்கும் மூச்சுக்காற்றை உடம்பெல்லாம் சுமந்து போவது ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு. அது சுமப்பதற்கு வேண்டிய பொருள் ஹீமோகுளோபின். என் உடம்பு அதைச் சரியாகச் செய்யாது. ஆண்களுக்குப் பதின்மூன்று இருக்க வேண்டும். எனக்குச் சிறு வயதிலிருந்தே எட்டு. சோகை என்று சொல்லி டானிக் கொடுத்தார்கள். இருபத்தாறு வயதில் ஐந்துக்கு இறங்கியது. டூல் ரூம் கவுன்டருக்குள்ளேயே விழுந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். அப்போதுதான் நோயின் பெயரைச் சொன்னார்கள்.

உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது நமக்குள் எழுத்தாக எழுதியிருக்கிறது. நான்கே எழுத்துதான். ஏ, டி, ஜி, சி. அதையே மாற்றி மாற்றி நீளமாக எழுதியிருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. ஹீமோகுளோபின் எழுதியிருக்கும் இடத்தில் அப்பாவுக்கு ஒரு பிரதியில் ஒரு எழுத்து தப்பு. அம்மா அவருக்கு மாமன் மகள். அம்மாவுக்கும் அதே தப்பு. எனக்கு இரண்டு பேருடைய தப்பும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் வந்தால் நோய் இல்லை. சேகருக்கு ஒன்றுதான் வந்தது. அவன் ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடுகிறான்.

அன்றிலிருந்து மாதாமாதம் ரத்தம். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கோமதி வீட்டில் துணி அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டு வந்தாள். ஒரு பைக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

ஒன்பதாம் வருடம் என் உடம்பு பிறர் ரத்தத்தை எதிர்க்க ஆரம்பித்தது. ஏறிய ரத்தத்தை உடைத்துப் போட்டது. இதற்குக் காரணம் ஆன்டிபாடி என்றார்கள். குரூப் பொருந்தினால் மட்டும் போதாது, அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன அடையாளங்களும் பொருந்த வேண்டும். நகரம் முழுக்கத் தேடியதில் பொருந்தியவர்கள் மூன்று பேர். ஒருவர் கொடுத்தால் அடுத்த மூன்று மாதம் கொடுக்கக் கூடாது. அப்படியானால் மூன்று மாதத்துக்கு மூன்று பை. எனக்கு வேண்டியது எட்டு.

சேகரின் எலும்பு மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்தார்கள். பாதிதான் பொருந்தியது.

அப்போதுதான் டாக்டர் வசுதா இதைச் சொன்னார். மருத்துவமனையும் ஓர் ஆய்வகமும் சேர்ந்து செய்யும் சோதனை வைத்தியம். ரத்தத்தை உண்டாக்கும் விதை அணுக்களை என்னிடமிருந்து எடுப்பார்கள். வெளியே வைத்துத் தப்பு எழுத்தைத் திருத்துவார்கள். பிறகு எனக்கே ஏற்றுவார்கள். செலவு அவர்களுடையது.

திருத்தும் கருவி தானாக இடம் கண்டுபிடிக்காது. அதோடு ஒரு வழிகாட்டி போக வேண்டும். கைடு என்பார்கள். இருபது எழுத்துள்ள விலாசச் சீட்டு மாதிரி. அந்த இருபது எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே கருவி போய் உட்காரும். எனக்காக நான்கு கைடு செய்து வைத்திருந்தார்கள். நான்கும் சரியான இடத்துக்குப் போகும். ஆனால் விலாசம் கொஞ்சம் ஒத்திருக்கும் வேறு இடங்களிலும் உட்கார்ந்துவிட்டால் அங்கே நல்ல எழுத்தைக் கெடுத்துவிடும். அது புற்றுநோயில்கூடப் போய் முடியலாம்.

எனக்கு இது புரிந்தது. பதினேழு ஸ்பேனர் பதினெட்டு நட்டில் உட்காராது. ஆனால் தேய்ந்த நட்டாக இருந்தால் உட்காரும். திருகவும் திருகும்.

எந்த இடத்தில் எத்தனை எழுத்து ஒத்துப்போகிறது என்பதைச் சாதாரண சாஃப்ட்வேர் எண்ணிச் சொல்லிவிடும். எண்ணிக்கை தெரிந்தாலும் பிடி எவ்வளவு இறுக்கம் என்று தெரியாது என்றார் ஃபரீதா. இரண்டு எழுத்து ஒத்துப்போகாவிட்டாலும் சில இடத்தில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு எழுத்து மாறினாலே சில இடத்தில் வழுக்கிவிடும். அந்தப் பிடியைக் கணக்குப் போட குவாண்டம் சிமுலேஷன் என்று ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தார்கள்.

"குவாண்டம்னா புது மிஷினா மேடம்?" என்று சேகர் கேட்டான்.

"நஹீ பாயி. மிஷின் சாதாரண மிஷின்தான். போடற கணக்குதான் வேற" என்றார். அவர் பேசுவது ஹைதராபாத் உருது. தமிழாக்கி எழுதுகிறேன். பாயி என்றால் அண்ணன், ஹவ் என்றால் ஆமாம். "அணுவுக்குள்ள எலக்ட்ரான் இருக்கு. ரெண்டு எழுத்து ஒண்ண ஒண்ணு பிடிக்கிறது அதாலதான். அது எப்படி நடந்துக்கும்னு போடற கணக்கு. ஒரு இடத்துக்கு ஒரு நாள் ஓடும். அதனால சந்தேகமான இடத்துக்கு மட்டும் போடுவோம்."

அதற்கு என் எழுத்து முழுவதும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. என் ரத்தத்தில் எப்போதும் பிறர் ரத்தம் கலந்திருக்கும். ஆகவே எச்சில் வாங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக சேகரின் எச்சிலும் வாங்கினார்கள்.

கணக்கு முடிந்தது. மூன்றாம் கைடு என்று முடிவானது. என் விதை அணுக்களை முன்பே எடுத்து உறைய வைத்திருந்தார்கள். ஆறு பை ரத்தமும் உறைய வைத்திருந்தார்கள். பழைய மஜ்ஜையை அழிக்கக் கீமோ மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு பை, பின் நான்கு பை. அந்த ஆறு இல்லாமல் ஆரம்பிக்க முடியாது. சேர்க்க ஏழு மாதம் ஆகியிருந்தது. அதைத் தொடாமல் இருப்பதற்காக என்னை ஆறரை ஹீமோகுளோபினில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்தால் ஆபத்து என்று வார்டில் சேர்த்திருந்தார்கள்.

அந்த நிலையில்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு தப்பு எழுத்தைக் காட்டச் சொன்னேன்.

"படிக்கவா தெரியும் உங்களுக்கு?" என்றாள் கோமதி.

"நாலு எழுத்துதானே."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபரீதா சிரித்தார். "ஹவ், பாருங்க பாயி. உங்க எழுத்து" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் தட்டினார். "மேல் வரி ஒரு பிரதி, கீழ் வரி இன்னொரு பிரதி. நடுவுல மஞ்சள் கட்டம் இருக்குல்ல, அதுதான் இடம்."

பார்த்தேன். மேலே ஜி. கீழே ஏ.

"ரெண்டும் தப்புன்னு சொன்னீங்க" என்றேன். "அப்ப ரெண்டும் ஒரே எழுத்தா இருக்கணுமே."

ஃபரீதா குனிந்து பார்த்தார். மூடினார். திறந்தார். மறுபடி பார்த்தார். டாக்டர் எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"இந்த எழுத்துக்காரருக்கு நோயே இல்ல" என்றார் ஃபரீதா.

"அப்ப பத்து வருசமா நடிச்சிகினு இருந்தாரா?" என்றாள் கோமதி.

கதவோரம் நின்ற சேகர் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அது நான்" என்றான்.

எச்சில் கொடுத்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே ஃபாரம் விடாது. அப்பா பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதுவோம். நான் முனுசாமி செல்வம். அவன் முனுசாமி சேகர். குழாயில் ஒட்டிய சீட்டில் இரண்டு பேரும் முனுசாமி எஸ். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து "முனுசாமி எஸ்" என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. சேகரைப் பார்த்து, "நீ போயிட்டு வா" என்றேன். அவன் போனான். அடுத்த தடவை கூப்பிட்டபோது நான் போனேன். அப்பா பெயரைச் சொன்னால் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் எழுந்திருப்போம். ரேஷன் கடையிலும் அப்படித்தான், கேஸ் ஆபீஸிலும் அப்படித்தான்.

உள்ளே இருந்தவர் கைப்பட்டையில் இருக்கும் எண்ணைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எண் இல்லாமல் பொருள் கொடுத்து வாங்காத வேலையில் பதினான்கு வருடம் இருந்த நானும் கேட்கவில்லை.

"நோய் இருக்கிற இடத்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்லேருந்து எடுத்துக்கிட்டோம்" என்றார் ஃபரீதா. "இந்த ஃபைல்ல மத்த இடத்தத்தான் பார்த்தோம். இத யாரும் திறக்கல." லேப்டாப்பை மூடினார். "பெரும்பாலும் பதில் மாறாது பாயி. அண்ணன் தம்பி எழுத்து பாதிக்கு மேல ஒண்ணாத்தான் இருக்கும்."

"பெரும்பாலும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டாக்டர். அவரும் போட வேண்டிய இடம் அந்தத் தாளில் இருந்தது. "திரும்பவும் எச்சில். திரும்பவும் கணக்கு. எத்தன நாள்?"

"இருபத்தி மூணு."

"அதுவரைக்கும் இவருக்கு ரத்தம் இல்ல" என்றார் டாக்டர். "அந்த ஆறத் தொட்டா மறுபடி சேர்க்க அரை வருஷம்."

நான் பேனாவை சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றே மறுபடி எச்சில் கொடுத்தேன். பெயரைக் கேட்டார்கள். கையில் கட்டியிருந்த பட்டையில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தேன். குழாயில் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். பிறகுதான் துப்பினேன்.

ஐந்தாம் மாடி. அறை எண் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஜன்னல் திறக்காது. அதில் பேகம்பேட் பழைய விமான நிலையத்தின் ஓடுபாதை தெரியும். எப்போதாவது ஒரு சின்ன விமானம் வரும். மற்ற நேரம் காலியாகக் கிடக்கும். கட்டிலில் படுத்தால் அதுதான் தெரியும். வேறு பக்கம் திரும்பினால் மூக்கில் இருக்கும் ஆக்சிஜன் குழாய் இழுக்கும்.

எழுந்து நடக்கக் கூடாது. பாத்ரூமுக்குச் சக்கர நாற்காலி. குளிப்பது நாற்காலியில் உட்கார்ந்து. பல் தேய்த்தால் மூச்சு வாங்கும். பேசினால் வாங்கும். நான் முன்பே அதிகம் பேசுவதில்லை. அது சௌகரியமாகப் போயிற்று.

ரத்தம் குறைந்தால் இருப்பதை வைத்து இதயம் வேகமாக ஓட வேண்டும். படுத்திருக்கும்போதே ஓடுகிற மாதிரி துடிக்கும். காதுக்குள் கேட்கும். தலையணையில் காது வைத்தால் இன்னும் கேட்கும். மல்லாந்தே படுத்திருந்தேன். பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கோமதிக்குத் தெரிந்திருந்தது. அவளும் கேட்கவில்லை.

முதல் நாள் ஆறரை. ஐந்தாம் நாள் ஆறு புள்ளி ஒன்று. ஒன்பதாம் நாள் ஐந்து புள்ளி ஏழு.

கோமதி காலை ஏழு மணிக்கு வருவாள். மல்காஜ்கிரியிலிருந்து இரண்டு பஸ். பிளாஸ்க்கில் மிளகு ரசம். ரசத்தைக் குடிக்க வைத்துவிட்டுக் கால் நகத்தை வெட்டுவாள், இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான் தைப்பாள். சும்மா உட்காரமாட்டாள். ஒருநாள் கேட்டாள்.

"பேசாம கையெழுத்துப் போட்டிருக்கலாம் இல்ல?"

"போட்டிருக்கலாம்."

"இந்நேரம் உள்ள போயிருப்பீங்க."

"ஆமா."

"அதே பதில்தான் வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அப்ப இந்த இருபத்தி மூணு நாளும் தண்டம்."

அவள் சொன்னது சரியாக இருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்தது அந்த ஒரு தடவை தப்பாகப் போயிருக்கலாம். நாள் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு ஓடுபாதையைப் பார்ப்பேன்.

ஃபரீதா ஒரு தாளைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். என் எழுத்தில் சந்தேகமான இடங்கள் பத்தொன்பது. பத்தொன்பது கட்டம். கணக்கு முடிய முடிய ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். "இது என் வேலை இல்ல, ஆபீஸ்ல தெரிஞ்சா திட்டுவாங்க" என்றார். ஆய்வகத்தில் மற்றவர்கள் கணக்கும் வரிசையில் நின்றது. ஒவ்வொருவரிடமும் போய் முறை கேட்டு வாங்கினார் என்று பிறகு தெரிந்தது.

சேகர் லீவு போட்டுவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அறைக்குள் வரவில்லை. கோமதியிடம் வாழைப்பழம் கொடுத்து அனுப்புவான். நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் கதவைப் பார்த்து, "முனுசாமி எஸ்" என்று கூப்பிட்டேன்.

கதவு திறந்தது. தலை மட்டும் உள்ளே வந்தது.

"எந்த எஸ் வேணும்?" என்றான்.

"எச்சில் துப்பினவன்."

உள்ளே வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கண் சிவந்திருந்தது. "என்னாலதான் அண்ணா" என்றான்.

"போடான்னு சொன்னது நான்தானே. தாள்ல கட்டம் அடிக்க ஆள் இல்ல. அதச் செய்."

அன்றிலிருந்து அவன்தான் அடித்தான். ஃபரீதா போனில் சொல்வார். இவன் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவான். கோணலாக வந்தால் எனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

பதினான்காம் நாள் ஐந்து புள்ளி இரண்டு. பதினேழாம் நாள் நான்கு புள்ளி ஒன்பது. கட்டம் பதினொன்று முடிந்திருந்தது.

டாக்டர் காலையில் வந்து கேட்பார்: "படுத்திருக்கும்போது மூச்சு முட்டுதா? நெஞ்சு வலி?" இரண்டுக்கும் இல்லை என்றேன். ஆமாம் என்றால் பையைத் திறப்பார். திறந்தால் அரை வருடம். மறுபடி முதலிலிருந்து அதே கட்டில், அதே ஜன்னல். அதனால் இல்லை என்றேன்.

இருபதாம் நாள் ஜெஸ்ஸி சிஸ்டர் என் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். நாடி நூற்று முப்பத்திரண்டு. என் முகத்தைப் பார்த்தார். மூன்று தலையணையை அடுக்கி நான் சாய்ந்திருந்ததைப் பார்த்தார்.

"பொய் பறையண்ட அண்ணா. மலந்து படுக்க முடியல. அதானே?"

"சொல்லாதீங்க சிஸ்டர்."

"ஞான் சொல்லும்" என்றார். சொன்னார்.

டாக்டர் ஐந்து நிமிடத்தில் வந்தார். கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கோபமாக இருந்தார். சத்தம் போடவில்லை. "உங்க இதயம் நின்னுட்டா அந்த ஆறு பைய நான் யாருக்கு வச்சிருக்கறது?" என்றார். தண்ணீர் இறங்க ஊசி போட்டார். "நாளைக்கு மதியம் ரெண்டு மணி. அதுக்கு மேல விட மாட்டேன். ரெண்டு பை திறக்கறேன். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

சேகர் ஃபரீதாவுக்குப் போன் போட்டான். நாளை இரண்டு மணி வரைதான் நேரம் என்று வராந்தாவில் நின்று உருதுவில் சொன்னது கேட்டது. "மேடம், கல் தோ பஜே தக். ஹவ். தோ பஜே." மீதி ஐந்து கட்டம் இருந்தது.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு ஃபரீதா நேரில் வந்தார். தலை கலைந்திருந்தது. மற்றவர்கள் கணக்கையெல்லாம் நிறுத்த வைத்து, மீதி ஐந்தையும் ஐந்து மிஷினில் ஒரே ராத்திரியில் ஓட்டியிருந்தார். லேப்டாப்பைக் கட்டில் மேசையில் வைத்தார். இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அவரே முதலில் மஞ்சள் கட்டத்தைத் திறந்தார். மேலே ஏ. கீழே ஏ.

"உங்களோடதுதான்" என்றார்.

"ஆமா. இது நான்தான்."

பிறகு பதினாறாம் இடத்தைத் திறந்தார். அங்கே சேகரிடம் இல்லாத ஒரு எழுத்து என்னிடம் இருந்தது. அந்த ஒரு எழுத்தால் மூன்றாம் கைடின் விலாசம் அந்த இடத்தோடு பதினெட்டு எழுத்துவரை ஒத்துப்போனது. ஒத்துப்போகாத இரண்டும் வழுக்க வேண்டிய எழுத்து. குவாண்டம் கணக்கில் வழுக்கவில்லை. இறுக்கிப் பிடித்தது. சரியான இடத்தில் எவ்வளவு பிடிக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு. அந்த இடம், ரத்த அணு எத்தனை தடவை பெருகலாம் என்பதை அடக்கி வைக்கும் இடம்.

"அதக் கெடுத்தா?" என்று கோமதி கேட்டாள்.

"அடங்காது அக்கா" என்றார் ஃபரீதா.

கோமதி பிளாஸ்க் மூடியைக் கையில் வைத்திருந்தாள். அதைத் திருகிக்கொண்டே இருந்தாள். மூடிய பிறகும் திருகினாள். இருபத்து மூன்று நாள் தண்டம் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டாம் கைடு பத்தொன்பது இடத்திலும் வழுக்கியது. வேலை கொஞ்சம் மெதுவாகச் செய்யும், ஆனால் வேறு எங்கும் உட்காராது என்றார். சேகர் மீதிக் கட்டங்களை அடித்தான். கோடு கோணல். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

சிஸ்டர் தாள்களைக் கொண்டுவந்தார். எல்லாப் பக்கத்திலும் போட்டேன். டாக்டரும் போட்டார். மணி ஒன்று ஐம்பது. நாள் குறித்தாகிவிட்டதால் இரண்டு பை திறந்தார்கள். முதல் பை ஏறும்போதே காதுக்குள் துடிப்பது குறைந்தது. தலையணையில் காது வைத்துத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்தது, இந்த மாதிரி வைத்தியம் செய்துகொண்ட எல்லோரும் சொல்வதுதான். அணுக்களைத் திருத்திச் சோதித்துப் பார்க்கப் பதினாறு நாள். பிறகு தனி அறை. கிருமி வராமல் காற்றை வடிகட்டி விடுவார்கள். இரட்டைக் கதவு. அதற்கு ஜன்னலே இல்லை. நான்கு நாள் கீமோ. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினால் கண்ணாடித் தூள் விழுங்குகிற மாதிரி. முடி தலையணையில் கிடந்தது.

திருத்திய அணுக்கள் சின்னப் பையில் வந்தன. கால் மணி நேரத்தில் ஏறிவிட்டது. அறை முழுக்கப் பூண்டு வாசனை. உறைய வைக்கப் போடும் மருந்தின் வாசனை அது. அதை ஏற்றுவதற்கு முன் ஜெஸ்ஸி சிஸ்டர் பையில் இருந்த எண்ணைப் படித்தார். நான் கைப்பட்டையில் இருந்த எண்ணைப் படித்தேன். சட்டப்படி ஒரு தடவை போதும். மூன்று தடவை படித்தோம்.

பிறகு முப்பத்து நான்கு நாள் காத்திருந்தேன். பழைய மஜ்ஜை இல்லை. புதியது முளைத்ததா தெரியாது. நடுவில் இருந்தேன். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி. அந்தப் பக்கம் கோமதி. போனில் பேசுவோம். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று போனில் பேசுவது முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு இல்லை. வாய்ப்புண்ணால் நான் பேச முடியாத நாட்களில் அவள் பொத்தான் தைக்கிற சட்டையைத் தூக்கிக் காட்டுவாள். ஒரு சட்டைக்கு எத்தனை பொத்தான்தான் தைப்பாள். பிய்த்துவிட்டுத் தைக்கிறாள் என்று தெரிந்தது.

மீதி நான்கு பையும் அந்த அறையில் ஏறியது.

இருபத்தோராம் நாள் வெள்ளணு எழுந்தது, புது மஜ்ஜை முளைத்ததற்கு அதுதான் அடையாளம். முப்பத்து நான்காம் நாள் வெளியே விட்டார்கள்.

வெளியே என்றால் வீடு. வீடு என்றால் பின் அறை. ஆறு மாதம் கூட்டம் கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது, யாரும் தொடக் கூடாது. கண்ணாடி மட்டும் இல்லை. வந்த அன்றே கோமதி அலமாரிக் கதவைத் திறந்தாள். போனில் குறித்து வைத்திருந்த ஆறு கோட்டையும் போட்டாள். நூற்று எண்பத்தொன்று இருந்தது. நூற்று எண்பத்தேழு ஆனது. பென்சிலை நூலோடு தொங்கவிட்டாள்.

மூன்று வாரம் ஆனது. பை ஏறவில்லை. கோமதி அலமாரியைத் திறப்பதைத் தவிர்த்தாள். துணியைக் கொடியிலேயே மடித்து நாற்காலியில் வைத்தாள். ஆறு வாரம் ஆனது. பத்து வாரம் ஆனது. சோதனைக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் என் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு ஹீமோகுளோபின் பார்த்தார்கள். எட்டு. எட்டரை. ஒன்பது புள்ளி நான்கு. டாக்டர் தாளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அவர் சொல்லாதது எனக்கும் சரி. இன்னும் பதினைந்து வருடம் பார்க்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஃபரீதா போன் செய்தார். என் ரத்தத்தில் பதினாறாம் இடத்தைத் திறந்து பார்த்தாராம். கெடவில்லை. "யார் எச்சில்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எண்ணை முழுவதும் படித்தார். சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நேற்றோடு எட்டு மாதம் முடிந்தது. கோமதி சேகரோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். நூலில் பென்சில் தொங்கிக்கொண்டிருந்தது. கோடுகளை முதலிலிருந்து விரல் வைத்து எண்ணினேன்.

187.